வாசனையை வைத்துக் குணம் சொல்லலாமா?

(ஆமத்தூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கிக் கடன், தவணை, கணக்கு நோட்டு எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சின்ன விளையாட்டு. உள்ளே வரும்போது உங்கள் எல்லோர் கையிலும் ஒரு பஞ்சும், மடித்த சீட்டு ஒன்றும் கொடுத்தோம். பஞ்சை மோந்து பார்த்தீர்களா? என்ன வாசம் அடிக்குது, சத்தமாச் சொல்லுங்க.

ஐஸ்கிரீம். பிறந்தநாள் கேக்கு. பஞ்சு மிட்டாய். அந்தப் பக்கம் ஒரு அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்கிறார். சரி. ஒன்றைக் கவனித்தீர்களா? எல்லோரும் தின்கிற பண்டத்தின் பெயரைத்தான் சொன்னீர்கள். ஒருவர்கூடப் பூ என்று சொல்லவில்லை. பஞ்சில் நாங்கள் விட்டது கேக்குக்கு ஊற்றுகிற வெனிலா எசன்ஸ், ஆளுக்கு ஒரு சொட்டு.

இப்போது சீட்டைப் பிரியுங்கள். "இனிப்பு வாசனை பிடித்த உங்களின் குணம்" என்று மேலே எழுதியிருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மெதுவாக, காதோடு படித்துச் சொல்லுங்கள்.

"நீங்கள் பாசக்காரர். பிறருக்காக ஓடி ஓடி உழைப்பீர்கள். அதை யாரும் கண்டுகொள்ளவில்லையே என்று சில நேரம் மனம் நொந்து போவீர்கள். வெளியே தைரியமாகத் தெரிந்தாலும், தனியாக இருக்கும்போது யோசனை அதிகம். கோபம் வந்தால் சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் மனதைக் குத்திய சொல்லை மறக்க மாட்டீர்கள். உங்களிடம் இன்னும் வெளியே வராத ஒரு திறமை இருக்கிறது."

உங்களுக்குப் பொருந்துகிறதா? பொருந்துகிறது என்பவர்கள் கை தூக்குங்கள். அடேயப்பா! "எனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு"ன்னு ஒரு மதினி சொல்றாக. நல்லது. இப்போது அந்தச் சீட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, அவருடையதை நீங்கள் வாங்கிப் படியுங்கள்.

(சிரிப்பு)

ஆமாம், எல்லாச் சீட்டிலும் ஒரே எழுத்துதான். ஒன்றை எழுதி, மற்றதெல்லாம் ஜெராக்ஸ் எடுத்தோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். இது எங்கள் கண்டுபிடிப்பும் கிடையாது. அமெரிக்காவில் ஃபோரர் என்ற மனநல ஆசிரியர் 1948-இல் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு இதைத்தான் செய்தார். முதலில் ஒரு பரீட்சை வைத்தார். பிறகு "இது உன்னுடைய குணம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரியாக 4.26 போட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அந்த வரிகளை அவர் கடையில் விற்கிற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். படித்த பிள்ளைகளே அப்படி ஏமாந்தார்கள் என்றால் நாம் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இந்த விளையாட்டை நடத்தியதற்குக் காரணம் இருக்கிறது. வாரப் பத்திரிகைகளில் "உங்கள் சென்ட் என்ன, உங்கள் குணம் என்ன" என்று ஒரு பக்கம் வரும், பார்த்திருப்பீர்கள். ரோஜா வாசனை பிடித்தால் இப்படி, எலுமிச்சை வாசனை பிடித்தால் அப்படி என்று போட்டிருக்கும். இனிப்பு வாசனைக்கு எப்போதும் ஒரே பலன்தான்: குழந்தை மனசு, பாசம் அதிகம், ஆசையும் அதிகம். டவுன் கடையில் பாட்டிலை எடுத்துக் காட்டுகிற பெண்ணும் அதையே சொல்லும். அது வியாபாரம். கேட்டுவிட்டு வந்துவிடலாம். ஆனால் நம்ம ஊர்ப் பக்கமும் வாசனைக்குப் பலன் சொல்கிறார்கள். அது வேறு மாதிரிப் பலன். அதைப் பேசத்தான் வந்தோம்.

முதலில் இந்த இனிப்பு வாசனை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறோம். சுவாரசியமான கதை.

பாரிஸ் நகரத்தில் தியரி முக்ளேர் என்று துணி அலங்காரத்தில் பேர்பெற்ற ஒருவர் இருந்தார். 1992-இல் அவருடைய கம்பெனி "ஏஞ்சல்" என்ற சென்ட்டைக் கொண்டுவந்தது. நட்சத்திர வடிவத்தில் பாட்டில், நீல நிறத் தண்ணீர். அதற்கு முன்னால் பெண்களுக்கான சென்ட் என்றால் பெரும்பாலும் பூ வாசம்தான். இவர் என்ன கேட்டாராம் என்றால், சின்ன வயதில் திருவிழாச் சந்தையில் மோந்த பஞ்சு மிட்டாய், சாக்லேட் எல்லாம் பாட்டிலுக்குள் வேண்டும் என்று கேட்டாராம். ஒலிவியே கிரெஸ்ப் என்ற வாசனை வல்லுநர் அதைச் செய்து கொடுத்தார். எத்தில் மால்டால் என்று ஒரு பொருள். சர்க்கரை சூடாகிப் பஞ்சு மிட்டாயாகச் சுற்றும்போது வரும் வாசம் அப்படியே அதில் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் ருசித்துச் சாப்பிடுகிற ஆளைக் குறிக்கும் சொல்லால் இந்த வகை சென்ட்டுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். குர்மோன் என்று அவர்கள் சொல்வார்கள். நாம் 'பண்ட வாசனை' என்று சொல்லிக்கொள்வோமே.

நமக்கு இது ஒன்றும் அந்நியமான சங்கதி இல்லை. விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தால் என்ன வாசம் வரும்? பஞ்சு மிட்டாய் மிஷினும் எண்ணெய்ச் சட்டியும் சேர்ந்து ஒரு வாசம். அதில் பாதியைப் பாட்டிலில் அடைத்தார் அந்த மனுஷர்.

இன்னொன்று. வெறும் இனிப்பாக இருந்தால் திகட்டிவிடும் என்று, அந்த ஏஞ்சலில் மண்வாடை அடிக்கிற ஓர் இலையின் எண்ணெயை நிறையச் சேர்த்தார்கள். அந்த இலைக்கு உலகம் பூராவும் பட்சோலி என்று பெயர். அந்தப் பெயர் தமிழிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகளே எழுதியிருக்கின்றன. நம்முடைய 'பச்சை இலை'தான் அப்படி மாறிப்போனது என்பார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க காஷ்மீர்ச் சால்வைகளுக்கு நடுவில் இந்த இலையை வைத்துக் கப்பலில் அனுப்பினார்களாம். அப்படித்தான் இந்த வாசம் ஐரோப்பாக்காரர்களுக்குப் பழக்கமானது. சென்ட் என்றாலே வெளிநாட்டு மோஸ்தர், நம்ம பண்பாட்டுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். பூம்புகார் வீதியில் வாசனைச் சுண்ணமும் சாந்தும் கூவி விற்றவர்களைச் சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகளே காட்டியிருக்கிறார்.

வெனிலாவும் அப்படித்தான். மெக்சிகோ பக்கத்துக் கொடி அது. ரீயூனியன் தீவில் பூத்துப் பூத்து உதிர்ந்தது, காய் பிடிக்கவில்லை. 1841-இல் எட்மோன் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியை வைத்துக் கையாலேயே மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றைக்கும் வெனிலாத் தோட்டத்தில் பூ பூவாகக் கையால்தான் சேர்க்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். அதனால் அசல் வெனிலா விலை கூடுதல். உங்கள் பஞ்சில் இருப்பது அசல் இல்லை, வெனிலின் என்ற செயற்கைச் சரக்கு. 1874-இலேயே ஜெர்மனியில் அதைத் தயாரித்துவிட்டார்கள். அதனால்தான் சின்ன பாட்டில் நமக்கும் கட்டுப்படியாகிறது, நூறு இருநூறு ரூபாய் பாடி ஸ்ப்ரேயிலும் அந்த வாசம் வருகிறது.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் களப்பகுதியில் ஒரு குழு. எந்த ஊர், என்ன பெயர் என்று சொல்ல மாட்டோம், கேட்கவும் வேண்டாம். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்கிறோம். கல்யாணமாகி வந்து ஆறேழு வருஷம் இருக்கும். பட்டாசு ஆபீஸ் வேலை. மருந்து ஒட்டிய வேலை என்றால் எப்படி என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியப் பவுடர் பட்டுக் கையும் முகமும் வெள்ளியாய் மினுங்கும். கந்தக வாடை சேலையில் ஏறிவிடும். மேலுக்குத் தண்ணி ஊத்தி, சோப்புப் போட்டுக் குளிச்சாலும் தலைமுடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தப் பெண்ணின் மூன்று வயசுப் பிள்ளை ஒருநாள், "அம்மா, நீ வெடி நாத்தம் அடிக்கிற" என்று சொல்லித் தள்ளிப் படுத்துக்கொண்டதாம். மறுவாரம் சம்பளத்தில் ஒரு ஸ்ப்ரே வாங்கினார். கேக்கு வாசம் அடிக்கிற ஸ்ப்ரே. குளித்துவிட்டு ஒரு தடவை அடித்துக்கொள்வார். பிள்ளை ஒட்டிக்கொண்டு படுத்ததாம்.

சென்ட் கதை அவ்வளவுதான். ஆனால் ஊர் அதை அப்படிப் படிக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மோந்தார். தெருவில் பேச்சு வந்தது. "சாயங்காலம் சென்ட் போட்டுக்கிட்டு யாருக்காம்?" என்று மாமியார் காதில் விழுகிற மாதிரிச் சொன்னார்கள். அதே தெருவில் ஆம்பிளைப் பிள்ளைகள் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு பைக்கில் போகிறார்கள். ஆக்ஸ் கம்பெனி 2008 வாக்கில் ஆண்களுக்கென்றே சாக்லேட் வாசனையில் ஒரு ஸ்ப்ரே கொண்டுவந்தது, டிவியில் பார்த்திருப்பீர்கள். சாக்லேட் வாசம் அடிக்கிற பையனுடைய குணத்தை யாராவது விசாரித்தார்களா? விசாரித்ததாக எங்களுக்குத் தெரியவில்லை.

தெருப் பேச்சோடு போயிருந்தால் இந்த மேடையில் சொல்லியிருக்க மாட்டோம். அந்தப் பெண் குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் கேட்டு மனு கொடுத்தார். பழைய தையல் மிஷின் ஒன்று விலைக்கு வந்தது. பெரிய பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே பிளவுஸ் தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம், மருந்து வேலையை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். சேமிப்பில் ஒரு வாரம் பாக்கி கிடையாது. முன்பு வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டியவர். பஞ்ச சூத்திரத்தில் எந்த இடத்திலும் குறை சொல்ல முடியாது. மனுவைப் படித்ததும் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "சென்ட் வாங்கக் காசு இருக்கு, கடன் எதுக்காம்?" இன்னொருவர், "மிஷின் வாங்கவா, மினுக்கவா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தீர்மான நோட்டில் எழுதி மூடினார்கள்.

அன்றைக்கு நாங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காதில் விழுந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. உறுப்பினர்கள் முடிவில் தலையிடக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதைச் சாக்காக வைத்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் உள்ளுக்குள் ஒரு சின்ன நினைப்பு ஓடியது: இந்தப் பொண்ணுக்கு இது தேவையா என்று. காலேஜில் சமூகப்பணி படித்துவிட்டு வந்த எங்கள் புத்தி அப்படித்தான் இருந்தது.

அவர் அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. வெளியே நூற்றுக்கு 5 ரூபாய் வட்டிக்கு அந்த 10,000-ஐ வாங்கியிருக்கிறார். மாதம் 500 வட்டி. நம்ம குழுவில் நூற்றுக்கு 1 ரூபாய் என்றால் 100-தான் ஆகியிருக்கும். மாதம் 400 ரூபாய் வித்தியாசம், அசலில் ஒரு ரூபாய் குறையாமல். அந்த வட்டியைக் கட்டுவதற்காக மருந்து வேலையை விட முடியவில்லை. மிஷின் திண்ணையில் இருக்கிறது, அவர் பட்டாசு ஆபீஸில் இருக்கிறார். இதை நாங்கள் நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

பத்திரிகைக்காரர் "பாசக்காரி" என்று எழுதினார், நம்ம தெரு "மினுக்கி" என்று சொன்னது. இரண்டு பேரும் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெடி நாத்தம் என்று சொன்ன பிள்ளையைப் பற்றித் தெரிந்திருக்கும்.

வாசம் ஏன் இப்படி நம்மைப் பிடித்து ஆட்டுகிறது என்றும் யோசித்தோம். கண்ணில் பார்த்தது, காதில் கேட்டது எல்லாம் மூளையில் ஓர் இடத்தில் நின்று பிறகுதான் உள்ளே போகுமாம். மூக்கில் ஏறிய வாசம் அப்படி நிற்காமல், நினைவும் உணர்ச்சியும் இருக்கிற பக்கத்துக்கு நேராகப் போய்விடும். அதனால்தான் கருப்பட்டி மிட்டாய் வாசம் வந்தால் செத்துப்போன அப்பத்தா ஞாபகம் உடனே வருகிறது. அதே வேகத்தில் தப்பான நினைப்பும் வந்துவிடுகிறது, யோசிப்பதற்குள். இன்னொன்றும் உண்டு. ஒரே வாசத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் நம் மூக்குக்கு அது மரத்துப்போகும். சென்ட் அடித்தவருக்கு ஐந்து பத்து நிமிஷத்தில் தெரியாமல் போய், போதவில்லையோ என்று மறுபடி அடிப்பார். பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி வரும், இளைப்பு உள்ளவர்களுக்கு மூச்சு முட்டும். அதைத் தாராளமாகச் சொல்லலாம். "மதினி, கொஞ்சம் கம்மியா அடிங்க" என்று சொல்வது வேறு, "யாருக்காம்?" என்று கேட்பது வேறு.

நம்ம பகுதி என்பதால் ஸ்ப்ரே டப்பா பற்றிக் கண்டிப்பாகச் சில வார்த்தை. டப்பாவில் வாசனையைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன் வாயு. நம்ம அடுப்பு கேஸ் சிலிண்டரில் இருக்கிற அதே சங்கதி. கூடவே ஆல்கஹால். இரண்டும் பட்டென்று தீப்பிடிக்கும். பட்டாசு ஆபீஸுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் கைப்பையில்கூட எடுத்துப் போகாதீர்கள். செல்போனையும் நைலான் சேலையையும் போல இதையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வேலைக்குக் கிளம்பும்போது அடிக்காதீர்கள், வந்து குளித்த பிறகு அடியுங்கள். அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்தி பக்கத்தில் வேண்டாம். வெயில் காய்கிற தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் திண்டில் டப்பாவை வைக்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடு ஏறக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். காலியான டப்பாவைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினால் வெடிக்கும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்பார்கள். அதோடு, மருந்துத் தூசிக்கு மேலே சென்ட் அடித்தால் வாடை மறையும், தூசி போகாது. வேலைச் சேலையைத் தனியாக நனைத்துத் துவைத்து, தலையோடு குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். சென்ட் அதற்கப்புறம்தான்.

இந்தப் பேச்சைத் தயார் செய்யும்போது வேறொரு குழுவில் மூத்த அக்கா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். புருஷன் தவறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பூ வைப்பதை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். மஞ்சளும் போனது. நம்ம ஊரில் எந்தப் பெண் எந்த வாசத்தோடு இருக்கலாம் என்பதைக்கூட அடுத்தவர்தான் முடிவு செய்கிறார்கள், பாருங்கள். அவர் பெட்டியைத் திறந்து, பேத்தி விட்டுப்போன ஒரு சின்ன சென்ட் பாட்டிலைக் காட்டினார். சாக்லேட் வாசம். ராத்திரி படுக்கும்போது முந்தானையில் ஒரு சொட்டு விட்டுக்கொள்வாராம். "பூ வைக்கத்தானம்மா கூடாதுன்னாக. மிட்டாய் வாசத்துக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே" என்றார். சொல்லிவிட்டு எங்கள் கையிலும் ஒரு சொட்டு விட்டார். அந்த அக்காவுக்கு என்ன குணப்பலன் எழுதுவது? எங்களுக்கு எழுத வரவில்லை.

அந்தத் தையல் மிஷின் பெண்ணின் வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தோம். நாங்கள் பேசாமல் இருந்தது தப்பு என்று சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, காப்பி போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது, "மனு இன்னும் நோட்டுல இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. அவருடைய குழுவின் ஊக்குநரும் பிரதிநிதியும் சம்மதித்து, அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக அதை எடுக்கிறார்கள், வெளிக்கடனை அடைப்பதற்கென்று மாற்றி எழுதி. கூட்டம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு. நாங்களும் வருகிறோம். இந்தத் தடவை வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு உட்காருவோம்.

சாப்பாடு தயாராகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பஞ்சைக் கீழே போடாதீர்கள், பிள்ளைகள் எடுத்து வாயில் வைத்துவிடும்.